பலாச்சுளையும் சின்னதுரையும்

மலைமேல் நாகலூருக்கு அப்பால் உள்ள அந்தக் காபி எஸ்டேட்டில், கைப்பேசிக்கு உயிர் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: காபி காயவைக்கும் களத்தின் கிழக்கு மூலை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் லூர்துராஜ் அந்த மூலையில் நின்று, ஒரு கையால் கைப்பேசியைக் காதோடு பிடித்து, மறு கையால் வயிற்றின் வலப்பக்கத்தை அணைத்தவாறு சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி செல்வமேரி சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

சாதாரணச் சிரிப்பாக இருந்தால் செல்வமேரி பெரிதுபடுத்தியிருக்க மாட்டார். இது தோள் குலுங்கும் சிரிப்பு; கல்யாணமான புதிதில் பார்த்தது. நடுவில் வந்த குடல் நோய் அதைத் தின்றுவிட்டது என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். தின்னவில்லை போலிருக்கிறது. எங்கோ பத்திரமாக வைத்திருந்து, இப்போது குப்பனூர்க்காரி ஒருத்திக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது.

கணவர் வீட்டுக்குள் வந்ததும், ஒன்றும் அறியாதவர் போலச் செல்வமேரி கேட்டார்.

"யாருங்க போன்ல?"

"அம்மிணிதான். கலாவதி."

"என்னவாம்?"

"சும்மாதான். சின்னதுரை எப்படி இருக்காருன்னு விசாரிச்சுது."

எஸ்டேட்டுகளில் உதவி மேனேஜரைச் சின்னதுரை என்று அழைப்பது பழைய வழக்கம். அடிவாரத்துக் குப்பனூரில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்த எஸ்டேட்டுச் சின்னதுரையின் நலனில் என்ன அக்கறை என்று செல்வமேரிக்கு விளங்கவில்லை. கேட்பதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அம்மிணியாம், அம்மிணி! கஞ்சிப் பானையைச் சற்று ஓசையோடு இறக்கி வைத்தார்.

நோய் வந்த கதை நீளமானது; சுருக்கிச் சொன்னால் போதும். பெருங்குடல் முழுவதும் புண். ஆறும், ஆறியது என்று நம்பத் தொடங்கும்போது மறுபடி வரும். வந்துவிட்டால் மனிதர் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக ஓடுவார், இரத்தமும் போகும். மாத்திரை சாப்பிட்டால் முகம் வீங்கும், நிறுத்தினால் உடம்பு வற்றும். ஒன்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அந்த ஒன்பது ஆண்டும் செல்வமேரி கணவருக்கு ஓரடி முன்னால் நடந்தார். கல்யாண வீட்டுக்குப் போனால், மணமக்களைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வீட்டுப் பெண் ஒருவரைத் தனியே அழைத்து, "ஏனுங்க, பாத்ரூம் எந்தப் பக்கங்க?" என்று கேட்டு வைத்துக்கொள்வார். அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையில், எந்தக் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்தினால் மறைவாக ஒரு புதர் இருக்கும் என்பது கண்டக்டர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மாதா கோயிலில் கதவோரக் கடைசி பெஞ்சு அவர்களுடையது. கணவருக்கு ஆகாத பலாப்பழத்தையும் ஆரஞ்சையும் மிளகாயையும் அவர் தம் நாவிலும் வைத்ததில்லை.

"மேரியம்மா இல்லீன்னா ரைட்டரு இல்லீங்க" என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு செல்வமேரியின் காதுக்கும் வரும். கேளாதவர் போல நடந்துவிடுவார். ஆனால் அன்றைக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

கடைசியில் மருந்துகளும் கைவிரித்தன. பெருங்குடலையே எடுத்துவிட்டால்தான் மனிதர் பிழைப்பார் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும். அதை ஏந்திக்கொள்ள மேலே ஒரு பை ஒட்டியிருக்கும். நர்ஸ் போர்வையை விலக்கிக் காட்டியபோது, அந்த நுனி மாதுளம்பூவின் மொட்டுப் போலச் சிவந்து, ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாக ஒரு முறை நெளிந்தது. செல்வமேரி கடைசியாகக் கண்டது அதைத்தான். அடுத்து அவர் கண் விழித்தது வராந்தா பெஞ்சில்.

மறுநாள் கலாவதி வந்தார். அதே அறுவைச் சிகிச்சையை முன்னரே செய்துகொண்டவர். புதிதாகச் செய்துகொண்டவர்களுக்குத் தைரியம் சொல்ல நர்ஸ் அவரை அழைத்திருந்தார். மஞ்சள் சேலை, கழுத்தில் கழற்ற மறந்த இஞ்ச் டேப். "வணக்கம்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போனார். செல்வமேரி வெந்நீர் பிளாஸ்க்கோடு திரைக்கு வெளியே நின்றார்.

"அண்ணா, அது புண்ணு இல்லீங்க. உங்க கன்னத்துக்கு உள்பக்கம் நாக்கால தொட்டுப் பாருங்க. அதே தோலுதான். தொட்டா வலிக்காது. தொடுங்கண்ணா, கடிக்காது!"

 உள்ளே லூர்துராஜ் சிரித்தார்.

ஒன்பது ஆண்டுகள் வேலி கட்டிக் காத்த தோட்டத்தில், நேற்று வந்த ஒருவர் கை நீட்டி முதல் பழத்தைப் பறித்துக்கொண்டதைப் போலிருந்தது செல்வமேரிக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பெண்ணின் மேல் குறை சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? தவறு என்று விரல் நீட்ட ஏதாவது இருந்திருந்தால் அவர் மனம் ஓரளவு ஆறியிருக்கும்.

எஸ்டேட்டுக்குத் திரும்பிய பிறகு, லூர்துராஜ் பை மாற்றும் வேலையைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாமே செய்துகொண்டார். மனைவி மறுபடி மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்ற கரிசனம்தான். செல்வமேரிக்கோ அந்தக் கதவு முகத்தில் அறைந்தது. பையில் ஏதாவது ஐயம் வந்தால் அவர் மனைவியிடம் கேட்பதில்லை. களத்து மூலைக்குப் போவார். உடம்பு தேறத் தேற, களத்து மூலையில் நிற்கும் நேரமும் கூடியது.

ஒரு நாள் லூர்துராஜ் கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு, இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்துகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"அம்மிணி அளவு கேட்டுது. பைக்குத் துணியில உறை தைச்சுத் தருதாம். பிளாஸ்டிக்கு வேர்த்து ஒட்டுதில்ல?"

"உங்க இடுப்பளவு எனக்குத் தெரியாதுங்களா? என்னக் கேட்டிருக்கலாமில்ல?"

"உனக்குத் தெரிஞ்சது பழைய இடுப்பு மேரி. இது புது இடுப்பு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். செல்வமேரி அந்த இஞ்ச் டேப்பை வாங்கி, சுருட்டி, தையல் பெட்டியின் அடியில் வைத்து, அதன் மேல் கத்தரிக்கோலையும் வைத்தார்.

உறை, குப்பனூர் வழியாக வரும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. நீலக் கட்டம் போட்ட பருத்தித் துணி. தையல், நூல் பிடித்தாற்போல நேராக ஓடியிருந்தது. பக்கத்து லைனில் இருக்கும் சாந்தி பஸ் நிறுத்தத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க்கா, அண்ணன் தங்கச்சிக்குச் சீர் செய்யறதுதான உலக வழக்கம்? இங்க தங்கச்சியில்ல அண்ணனுக்குச் செய்யறாங்களாட்ட இருக்குது!"

"உனக்கு வேற சோலியில்லையா சாந்தி?" என்றார் செல்வமேரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பல் மட்டும் சிரித்தது.

அன்று மாலை துணி எடுக்கப் போனவர் காதில் களத்து மூலைப் பேச்சு விழுந்தது. "உறை அளவெடுத்தாப்பல இருக்குது அம்மிணி. ஆனா சின்னதுரைக்கு இன்னைக்குக் காலையில இருந்து ஒரே கோவம். கேட்டுக்கிட்டா வர்றாரு? நெனச்சா உத்தரவு போட்டுடறாரு. நேத்துப் பூசையில சாமியார் பிரசங்கத்துக்கு நடுவுல கர்ருன்னாரு பாரு!"

செல்வமேரிக்கு அப்போதுதான் புரிந்தது. வயிற்றில் இருக்கும் அந்த மொட்டுக்குத்தான் சின்னதுரை என்று பெயர். தம் உடம்பின் ஓர் உறுப்புக்குக் கணவர் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயர் குப்பனூருக்குப் போயிருக்கிறது. பக்கத்துத் தலையணைக்கு வரவில்லை. காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார்.

இப்படியிருக்கையில் பலா பழுத்தது.

எஸ்டேட் ஸ்டோருக்குப் பின்னால் நிற்கும் பெரிய பலாவின் முதல் பழத்தை ரைட்டர்தான் அறுத்து, லைன் வீடுகளுக்கெல்லாம் பங்கு போட வேண்டும் என்பது அங்கே நடைமுறை. நோயுற்ற ஆண்டுகளிலும் லூர்துராஜ் அந்த வேலையை விட்டதில்லை. கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சாக்கின் மேல் பழத்தைப் பிளந்து, சுளைகளை அத்தனை பேருக்கும் எடுத்துக் கொடுப்பார். தாம் ஒரு சுளைகூடத் தின்னாமல், எண்ணெய்க் கையை மட்டும் முகர்ந்துவிட்டு எழுந்து போவார். இந்த முறையும் மற்றவர்கள் தூக்கிவந்து வைக்க, அவர் உட்கார்ந்து அறுத்தார். வாசனை களம் வரை போனது.

"ரைட்டரய்யா, இன்னைக்காச்சும் ஒண்ணு வாயில போடுங்க. நோவைத்தான் வெட்டி எறிஞ்சாச்சில்ல?" என்றார் சாந்தி.

"அம்மிணி ஆகாதுன்னு சொல்லியிருக்குது" என்றார் லூர்துராஜ். "இன்னும் கொஞ்ச மாசம் போவோணுமாம். அப்புறமும் பொடிசா நறுக்கி, நல்லா மென்னு, ஒண்ணே ஒண்ணு. நாருள்ளது குடல் வாயில அடைச்சுக்குமாம்."

கூடியிருந்தவர்கள் நடுவில் அவர் இதைச் சொன்னார். இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று சொல்லும் உரிமை இதுவரை ஒருவரிடம்தான் இருந்தது. அந்த ஒருவர் கையில் தட்டோடு அங்கேயே நின்றிருந்தார். நான்கைந்து பெண்கள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வமேரி தட்டு நிறையச் சுளைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. புண் இருந்தது பெருங்குடலில். அந்தப் பெருங்குடலே இப்போது இல்லை. வீட்டை இடித்த பிறகு கூரை ஒழுகுமா? போதாததற்கு, பலாவைத் தேனில் தோய்த்துத் தின்றால் வயிற்றை ஒன்றும் செய்யாது என்பது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அடிவாரத்துக்காரிக்கு என்ன தெரியும்? குப்பியில் இருந்த மலைத்தேனை எடுத்துச் சுளைகளின் மேல் ஊற்றினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் போட்டது புத்தியல்ல, வேறொன்று என்பதும் அவருக்கு உள்ளூரத் தெரிந்தேயிருந்தது.

லூர்துராஜ் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"வாயத் தொறங்க."

"மேரி... கலாவதி சொல்லுச்சே..."

"ஒம்பது வருசமா உங்களுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு சொன்னது யாருங்க? கலாவதியா?"

லூர்துராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"நீதான்."

"அப்பத் தொறங்க."

திறந்தார். முதல் சுளையை மெல்லும்போது கண்களை மூடிக்கொண்டார். தாடையில் தேன் வழிந்தது. செல்வமேரி அதை முந்தானையால் துடைத்தார். இரண்டாவதை அவரே கேட்டு வாங்கினார். பிறகு மெல்லவும் பொறுமையில்லை. செல்வமேரியும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்; ஒன்பது ஆண்டுப் பசி இரண்டு பேருக்கும். தட்டு காலியானது. அவள் கொடுத்தது உறை, நான் கொடுத்தது பழம் என்று செல்வமேரி நினைத்துக்கொண்டார். அன்று பகல் முழுவதும் அவர் வாயில் ஏதோ ஒரு பாட்டு இருந்தது.

மாலைக்குள் மூடுபனி இறங்கி, மழை பிடித்துக்கொண்டது. லூர்துராஜ் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். வயிறு முறுக்கியது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"பையில ஒண்ணுமே வரல மேரி. மத்தியானத்துல இருந்து வரல." மூச்சு வாங்கியது. "அம்மிணிக்குப் போன் போடு."

செல்வமேரி குடையைத் தேடினார், கிடைக்கவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு களத்து மூலைக்கு ஓடினார். இத்தனை நாளும் சன்னல் வழியாக வெறுத்துப் பார்த்த அதே இடத்தில் நின்று, அதே எண்ணை அழுத்தினார்.

"அண்ணா! சின்னதுரை சௌக்கியங்களா?"

"நான்... அவரு ஊட்டுக்காரி பேசறேன்."

மறுமுனையில் தையல் மெஷின் ஓசை நின்றது. செல்வமேரி நிலைமையைச் சொன்னார்.

"என்ன சாப்பிட்டாருங்க்கா?"

"கஞ்சிதான்."

 மழை சாக்கின் மேல் அடித்தது.

"பலாப்பழம்" என்றார் செல்வமேரி. "தட்டு நெறைய. நாந்தான் ஊட்டுனேன்."

கலாவதி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிர்த்துப் பேச ஓர் இடமாவது கிடைத்திருக்கும்.

"சரிங்க்கா, பயப்படாதீங்க. எனக்கும் ஒருக்கா கொய்யாவுல இப்படி ஆச்சு. வாந்தி எடுத்தாருங்களா? இல்லையா? நல்லது. அது இப்ப என்ன நெறத்துல இருக்குது?"

"தெரியலீங்க. நான் பாக்கறதில்ல."

"பாக்கறதே இல்லீங்களா?"

"ஆஸ்பத்திரியில ஒருக்காப் பாத்து மயங்கி உழுந்துட்டேன்."

"இப்பப் பாத்துத்தான் ஆவோணும்க்கா. அண்ணன் வலியில தானாப் பண்ணிக்க முடியாது. நான் மலைக்குக் கீழ இருக்கறேன். அங்க இருக்கறது உங்க கைதானுங்க. மொதல்ல வண்டிக்குச் சொல்லி வையுங்க. நான் நர்ஸம்மாவ இன்னொரு போன்ல புடிக்கறேன்."

சத்தம் கேட்டு வந்த சாந்தியிடம் செல்வமேரி கைப்பேசியைக் கொடுத்து, மூலையை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். சாந்தியின் மகன் ஜீப்புக்காக நாகலூருக்கு ஓடினான். அதன் பிறகு நடந்தவற்றை லைன் வீடுகள் அனைத்தும் கேட்டன. சாந்தியின் குரலுக்கு மழை ஒரு பொருட்டல்ல.

"செவப்பா, கறுப்பான்னு கேக்கறாங்க்கா! நர்ஸம்மாவும் லைன்ல இருக்காங்களாமா!"

செல்வமேரி கணவரின் சட்டையை விலக்கினார். நீலக் கட்ட உறையைக் கழற்றினார். பையை மெதுவாக உரித்தார். கண்ணுக்குள் இருட்டு வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கன்னத்துக்கு உள்பக்கம் என்று திரைக்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னது நினைவுக்கு வந்தது. நாக்கால் தம் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். வழுவழுப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. இருட்டு விலகியது. குனிந்து பார்த்தார்.

"செவப்புதான்னு சொல்லு! ஆனா வீங்கியிருக்குது!"

"வீக்கத்துக்குத் தக்கன புதுப் பையில ஓட்டையப் பெருசா வெட்டி ஒட்டோணுமாம்! முட்டிய நெஞ்சுக்கு மடக்கிப் படுக்க வெக்கோணுமாம்! பால் ஊத்தாத டீ சூடா ஒரு வாய்! வாந்தி வந்தா ஒண்ணுமே குடுக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிதானாமா!"

தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டினார். ஒட்டினார். வெந்நீரில் பிழிந்த துணியால் வயிற்றில் ஒத்தடம் கொடுத்து, மொட்டைச் சுற்றி உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பையின் மெல்லிய சுவருக்குக் கீழே அது ஒரு முறை அவர் விரலில் முட்டியது. கையை அவர் எடுக்கவில்லை.

"சின்னதுரை" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான்தான் தப்புப் பண்ணுனேன். எம்மேல கோவத்த வெச்சுக்குங்க. அவர விட்டுடுங்க."

வலியின் நடுவில் லூர்துராஜ் கண்ணைத் திறந்தார். "உனக்கு எப்படித் தெரியும் அந்தப் பேரு?"

"குப்பனூருக்கே தெரியுது. எனக்குத்தான் கடைசியில தெரிஞ்சுது."

ஜீப் வாசலில் வந்து நின்ற அதே நேரத்தில், அவருடைய உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நெகிழ்ந்தது. முதலில் காற்று. பிறகு நீர். பிறகு, மெல்லாமல் விழுங்கிய பலாவின் மஞ்சள் நார்கள் திரி திரியாகப் பைக்குள் இறங்கின. தம் வாழ்நாளில் அவ்வளவு அழகான காட்சியைக் கண்டதில்லை என்று செல்வமேரிக்குத் தோன்றியது.

"உத்தரவு ஆயிடுச்சுன்னு சொல்லு சாந்தி!" என்று கத்தினார்.

நர்ஸ் கட்டாயமாகச் சொன்னதால் அந்த ஜீப்பிலேயே சேலத்துக்குப் போனார்கள். டாக்டர் பார்த்தார், சற்றுக் கடிந்துகொண்டார், மறுநாள் அனுப்பிவைத்தார். திரும்பி வரும் வழியில், வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் செல்வமேரியின் கண் பழக்கத்தால் புதர்களைத் தேடியது. இனி அவை தேவையில்லை என்று நினைவு வந்ததும் மடியைப் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஆகாதுன்னு அந்தப் புள்ள சொன்னதுக்காகவேதான் அதக் குடுத்தேன்."

"தெரியும்" என்றார் லூர்துராஜ். "நீ குடுத்ததுக்காகவேதான் நானும் தின்னேன்."

அதற்கு அடுத்த வாரம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு களத்து மூலைக்குப் போனது செல்வமேரி. நன்றி சொல்லத்தான் போனார். நன்றி சொல்லி முடித்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த உறைக்கு எப்படித் துணி வெட்டறதுன்னு சொல்லு. அடுத்தது நான் தைக்கறேன்."

"ஏனுங்க்கா, என்னுது புடிக்கலீங்களா?"

"புடிச்சிருக்குது. அதுதான் எரிச்சலா இருக்குது."

கலாவதி சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்க ஊட்டுக்காரரு நல்லவருதானுங்க்கா. ஆனா இன்னைக்கு வரைக்கும் என்னுதத் திரும்பிப் பாத்ததில்ல. அன்னைக்குச் சாந்திக்கா கத்துனது பூராக் கேட்டுட்டு, போன வெச்சப்புறம் மெஷின் முன்னால சும்மாவே உக்காந்திருந்தேன். அண்ணன் மேல, உங்க மேல, எனக்கு நொம்பப் பொறாமையா இருந்துதுங்க."

 தாம் இவ்வளவு நாள் ஒருவராகவே சுமந்து திரிந்த மூட்டையை, எதிரே வந்தவரும் தலையில் வைத்திருப்பதைக் கண்டது போல இருந்தது செல்வமேரிக்கு.

"ஆமா கண்ணு, நான் உன்னப் பத்தி என்னென்ன நெனச்சிருப்பேன்னு நெனக்கற?" என்று தொடங்கி, இஞ்ச் டேப்பைக் கத்தரிக்கோலின் அடியில் புதைத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. செல்வமேரியின் தோள்கள் குலுங்கின.

சமையலறைச் சன்னலில் லூர்துராஜ் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது.

செல்வமேரி உள்ளே வந்ததும் லூர்துராஜ் கேட்டார். "என்னவாம்?"

"சும்மாதான். சின்னதுரைய விசாரிச்சுது."

"அதுக்கா அவ்ளோ சிரிப்பு?"

"வேறயும் பேசினோம்."

"என்ன பேசுனீங்க?"

"அது எங்களுக்குள்ளங்க" என்று சொல்லிவிட்டு, செல்வமேரி கஞ்சிப் பானையை ஓசையில்லாமல் இறக்கி வைத்தார். லூர்துராஜ் கொஞ்ச நேரம் கைப்பேசியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.